ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பார்த்தவளுக்கு

என் அருமை உண்ணாமலைக்கு,

இப்படிக் கூப்பிட்டு எழுத எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. நீ உயிரோடு இருந்தவரை "ஏ உண்ணா" என்பதைத் தாண்டி நான் போனதில்லை. நாத்தனாருக்கு "அருமை" போட்டு எழுதிய அண்ணி கீழ்பென்னாத்தூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ இருந்திருந்தால் இந்த ஒரு வார்த்தையை வைத்தே ஒரு வாரம் என்னை ஓட்டியிருப்பாய்.

உன் முதல் வருஷத் திதி போன மாதம் நல்லபடியாக முடிந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். சாம்பாரில் உப்பு கம்மி என்று உன் பெரியம்மா மகன் குறை சொன்னார். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, உன் அண்ணன் வாய்க்குள் வேறு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய், "என்னங்க?" என்று கேட்டேன்.

"அந்த நர்ஸு யாருன்னு இன்னும் சொல்லல பாரு. ஒரு வருஷம் ஆச்சு. எனக்கு அந்தப் பேரு வேணும்" என்றார்.

பிண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா அது? ஆனால் நான் அவரைத் திட்டவில்லை. எனக்கும் அந்தப் பேர் வேண்டியிருந்தது. நானும் ஒரு நர்ஸ், ஆனாலும் வேண்டியிருந்தது.

போன வாரம் அந்தப் பேர் எங்களுக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்தோம் என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ஆனால் உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். நீ குறுக்கே பேசாதே.

எண்பத்தொன்பதில் நான் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தேன். வந்த சில மாதத்தில் நீ இங்கிலாந்துக்கு மேல்படிப்புக்குப் போனாய். "அண்ணி வந்தா, நாத்தனா ஓடிட்டா" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான்தான் உன்னைத் துரத்தினேன் என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். உண்மையில் உன் பெட்டியைக் கட்டிக்கொடுத்ததே நான்தான். புளிக்காய்ச்சல் பாட்டிலைச் சுற்ற என் புதுப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு போனாய். அது திரும்பி வரவேயில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

டாக்டருக்குப் படித்துவிட்டுக் கிளினிக் வைக்காமல் மறுபடியும் படிக்கப் போகிறாளே என்று சொந்தத்தில் ஒருவருக்கும் சம்மதமில்லை. "சீமைக்கு அனுப்பினா பொண்ணு கைவிட்டுப் போயிடும் ஏழுமலை" என்று உன் அண்ணனிடம் சொன்னார்கள். அவர் வேர்க்கடலை மூட்டையை, நம் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை மூட்டையை, வண்டியில் ஏற்றிக்கொண்டே, "போனா போவட்டும். படிச்சிட்டுப் போவட்டும்" என்றார். நீ என்ன படிக்கிறாய் என்று அவருக்குச் சுத்தமாகத் தெரியாது.

அது ஊருக்கும் தெரியவில்லை. நீ லீவில் வந்தால் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். மூட்டுவலி, சர்க்கரை, தூக்கம் வரவில்லை, மருமகள் மதிப்பதில்லை. நீ கையை விரிப்பாய். "நான் அந்த மாதிரி டாக்டர் இல்லீங்க பெரியப்பா."

"அப்ப எந்த மாதிரி டாக்டரு?"

நீ விளக்கத் தொடங்குவாய். உலகத்து ஆஸ்பத்திரிகள் எப்படி நடக்கின்றன, மருந்தும் டாக்டரும் இருந்தும் நோயாளி ஏன் சாகிறார், அதை எப்படிச் சரிசெய்வது. கூட்டத்தில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். ஒருநாள் உன் அண்ணன் பொறுக்க முடியாமல் எழுந்து, "இதோ பாருங்க, எந்தங்கச்சி மனுஷனுக்கு வைத்தியம் பாக்கறது இல்ல. ஆஸ்பத்திரிக்கே வைத்தியம் பாக்கறா" என்று ஒரே போடாகப் போட்டார். எல்லாரும் மரியாதையாக எழுந்து போய்விட்டார்கள். நீ அன்றைக்கு அப்படிச் சிரித்தாய். பிற்பாடு உன் வகுப்புகளில் இதைச் சொல்லித்தான் பாடம் தொடங்குவாயாமே.

நீ அங்கேயே பேராசிரியர் ஆனாய். நேபாளத்து மலையூர், ஆப்பிரிக்கா, இலங்கை என்று சுற்றினாய். போனில் நீ சொன்ன கதைகளில் ஒன்று எனக்கு எப்போதும் மறக்காது. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு மலையூர் ஆஸ்பத்திரி. ஆக்சிஜன் சிலிண்டர்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழந்தைகள் மூச்சுமுட்டிச் சாகின்றன. பெரிய பெரிய நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வார்டிலேயே உட்கார்ந்திருந்தாய். சிலிண்டரைத் திறக்கிற ஸ்பானர் ஒன்றே ஒன்றுதான். அது ஸ்டோர்க்காரரின் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போய்விடுவார். நீ கடையில் ஸ்பானர்களும் சங்கிலியும் வாங்கிவந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பானரைக் கட்டித் தொங்கவிட்டாய். அவ்வளவுதான்.

"ஒரு சங்கிலிக்கா உனக்குப் பேராசிரியர் பட்டம் கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"ஆமா அண்ணி. அந்த ஸ்டோர்க்காரரை யாரும் திட்டாமப் பாத்துக்கிட்டேன் பாருங்க, அதுக்குத்தான் கொடுத்தாங்க" என்றாய்.

அப்போது அது எனக்குப் புரியவில்லை. திட்டினால் என்ன? திட்ட வேண்டிய ஆள்தானே? எங்கள் வார்டில் ஆயுத பூஜைக்கு நடந்த கூத்தில்தான் எனக்கு அது விளங்கிற்று.

நான் அப்போது செங்கம் ரோட்டுப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டின் பொறுப்பு சிஸ்டர். ஆயுத பூஜை என்றால் எங்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிசு. வார்டைக் கழுவித் தள்ளுவோம். ஆக்சிஜன் சிலிண்டர், குழந்தை எடை பார்க்கிற தராசு, பி.பி. மிஷின், கத்தரிக்கோல் வைக்கிற டிரே, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஊசிமருந்து வைக்கிற சின்ன ஐஸ்பெட்டியை அணைத்து, உள்ளே கட்டியிருக்கிற பனியை உருக்கி, துடைத்து, அதன் நெற்றியிலும் ஒரு பொட்டு. பொரிகடலை, சுண்டல், வாசலில் பூசணிக்காய். வலியில் கத்துகிற பெண்கூட அன்றைக்குக் கொஞ்சம் அடக்கிக் கத்துவதாகத் தோன்றும்.

அந்த ஐஸ்பெட்டியில் இரண்டு டிரே. மேல்தட்டில் இருப்பது வலி வருவதற்குப் போடுகிற ஊசி. கீழ்த்தட்டில் இருப்பது குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கை நிறுத்துவதற்குப் போடுகிற ஊசி. முன்னால் போட வேண்டியதும் பின்னால் போட வேண்டியதும். இரண்டும் சின்னக் கண்ணாடிக் குப்பிதான். எங்கள் யாருக்கும் பேரைப் படித்து எடுக்கிற வழக்கமில்லை, கை தானாகப் போகும்.

அந்த வருஷம் பூஜை முடிந்து டிரேக்களைத் திருப்பி வைத்தபோது மேலது கீழே போய்விட்டது. யார் வைத்தது என்று இன்றைக்கும் தெரியாது. மறுநாள் விஜயதசமி. வலி குறைந்துபோன ஒரு பெண்ணுக்குச் சொட்டு பாட்டிலில் வலி ஊசியைச் சேர்க்கச் செல்வி போனாள். செல்வியை உனக்குத் தெரியும், அடி அண்ணாமலை ஊர்ப் பெண், எங்கள் வார்டில் ரொம்பச் சுத்தமான கைக்காரி. மேல்தட்டிலிருந்து எடுத்தாள், சேர்த்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் வயிறு கல்லாக இறுகியது. விட்டு விட்டு வர வேண்டிய வலி விடவேயில்லை. உள்ளே குழந்தையின் நாடித் துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. நல்லவேளை, பெரிய டாக்டர் அப்போது மாடியில் இருந்தார். ஓடிவந்து ஆபரேஷன் செய்தார். நீலம்பாரித்து வெளியே வந்த குழந்தை, முதுகைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் அழுதது. தாயும் பிழைத்தாள். அதற்கப்புறம்தான் குப்பைத் தொட்டியில் கிடந்த குப்பியை எடுத்துப் படித்தோம்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன். செல்வியை வேலையை விட்டு எடுக்கப்போகிறார்கள். அவர்கள் வீட்டில் வெள்ளைச் சீருடை போட்ட முதல் பெண் அவள். உன் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "யாரு செஞ்சது?" லீவில் வந்திருந்த நீ ஏதோ கொறித்துக்கொண்டிருந்தாய். நிறுத்திவிட்டு, "பூஜைக்கு ஐஸ்பெட்டியைத் துடைச்சீங்களா அண்ணி?" என்று கேட்டாய்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. "சாமிமேலயா பழி போடற? சீமையில போயி இதத்தான் படிச்சியா?" என்று கத்தினேன்.

"சாமி எடுத்து வெக்கல அண்ணி. நாமதான எடுத்து வெக்கறோம்" என்றாய் நிதானமாக.

மறுநாள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பெரிய டாக்டர் முன்னால் உட்கார்ந்து, "டாக்டர், எனக்கு ஒரு உதவி. ஆயுத பூஜையை மறுபடி ஒருதடவை செஞ்சு காட்டச் சொல்லுங்க" என்றாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "விஜயதசமியே முடிஞ்சு போச்சேம்மா. மறுபடியும் பூஜையா? சாமி கோவிச்சுக்காதா?" நீ, "அதை நான் பாத்துக்கறேன்" என்றாய். எப்படிப் பார்த்துக்கொண்டாயோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாரையும் செய்ய வைத்தாய். ஐஸ்பெட்டியை அணைத்தோம், டிரேயை வெளியே எடுத்தோம், துடைத்தோம், பொட்டு வைத்தோம். திருப்பி வைக்கிற நேரத்தில் டிரே இரண்டையும் பெரிய டாக்டர் கையில் கொடுத்தாய். "நீங்க வைங்க." அவர் பாட்டுக்கு வைத்தார். நீ ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் வேலைக்குப் போய்விட்டோம். அன்றைக்குக் கூட்டம் ஜாஸ்தி. நான் ஒரு கட்டிலுக்கும் இன்னொரு கட்டிலுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். நடுவில் நீ, "அண்ணி, அப்படியே ஒரு வலி ஊசி எடுத்துட்டு வாங்களேன்" என்றாய். எடுத்து வந்தேன். நீ என் கையிலிருந்து குப்பியை வாங்கி, பெரிய டாக்டரைக் கூப்பிட்டு, "படிங்க டாக்டர்" என்றாய்.

அவர் படித்தார். தப்பான ஊசி. முந்தின நாள் நடந்தது முழுவதும் தெரிந்த என் கையே அதை எடுத்திருந்தது.

"இப்ப யாரை வேலையை விட்டு எடுக்கலாம் டாக்டர்? எடுத்த எங்க அண்ணியையா, மாத்தி வெச்ச உங்களையா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். அவர் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செல்வி கதவுக்குப் பின்னால் நின்று விசும்பிக்கொண்டிருந்தாள். அவள் வேலை தப்பியது.

நீ அதோடு விட்டாயா? பிள்ளை பெற்றவள் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்றாய். "சொன்னா அடிப்பாங்கம்மா" என்றார் டாக்டர். "நானும் கூட வரேன். அடிச்சா சேர்ந்து வாங்கிக்கலாம்" என்றாய். அவர்கள் கத்தினார்கள். மாமியார்க்காரி மண்ணை வாரித் தூற்றினாள். நீ நின்று கேட்டுக்கொண்டாய். அவர்கள் கத்தி முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. நானாக இருந்தால் பாதியில் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் ஆயுத பூஜையில் ஒரு சடங்கு கூடிவிட்டது. கற்பூரம் காட்டிய பிறகு ஒருத்தி குப்பியின் பேரை உரக்கப் படிப்பாள், இன்னொருத்தி அது வைக்கிற இடத்தை உரக்கச் சொல்வாள், அப்புறம்தான் உள்ளே போகும். பொரி அள்ளிக் கொடுக்கிற ஆயாவும் சேர்ந்து சொல்லத் தொடங்கினாள். பூஜையை நிறுத்தச் சொல்லுவாய் என்று பயந்திருந்தேன். நீ அதை ஒரு படி நீட்டிவிட்டுப் போனாய். பொட்டு வைத்த எங்கள் ஐஸ்பெட்டியின் போட்டோவை எடுத்துக்கொண்டு போய், உலகம் முழுக்கத் திரை போட்டுக் காட்டினாய். அந்தப் பெட்டி போகாத தேசமில்லை. நான் திருப்பதியைத் தாண்டவில்லை.

நீ தேவதை ஒன்றும் இல்லை உண்ணா, அதையும் எழுதிவிடுகிறேன். என் சமையலறைக்குள் புகுந்து, உப்பும் சர்க்கரையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று டப்பாக்களை இடம் மாற்றி வைத்துவிட்டு, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பிளேன் ஏறினாய். அன்றைக்குக் காப்பியில் உப்பு. உன் அண்ணன் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இது யாரு செஞ்ச வேலைன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார். பேராசிரியர் வேலையாம்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம்.

போன வருஷம் லீவில் வந்தபோது உனக்குப் பித்தப்பையில் கல். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய். அதன் பேரை எழுதினால் நீயே என்னை உதைப்பாய், எழுதவில்லை. சின்ன ஆபரேஷன், நன்றாகவே முடிந்தது. உள்ளே போகும்போதுகூட அந்தத் தாதிகளிடம், "கை கழுவினீங்களா கண்ணு?" என்று கேட்டு வம்பளந்துகொண்டு போனாய். மத்தியானம் என்னோடு பேசினாய். சாயங்காலம் உள்ளே ரத்தம் கசியத் தொடங்கிவிட்டது. வெளியே தெரியவில்லை, நாடி மட்டும் வேகமாகிக்கொண்டே போனது. அதைப் பார்த்த நர்ஸின் டூட்டி முடிகிற நேரம் அது. அடுத்து வந்த நர்ஸ் உன் கட்டிலுக்கு வந்து சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. டாக்டர் வந்தபோது நீ இல்லை.

டூட்டி மாறுகிற நேரம்தான் ஆஸ்பத்திரியில் ஆபத்தான நேரம் என்று ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தியவள் நீ. அந்த நேரத்திலேயா உனக்கு? இதை யாரிடம் போய்க் கேட்பது? மலையைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறபோது, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நின்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் போனவர்கள் சாமி வந்துவிட்டது என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"எதிர்பாராத சிக்கல்" என்றது ஆஸ்பத்திரி. உன் அண்ணன் விடவில்லை. புகார் கொடுத்தார், அலைந்தார். இந்த வருஷம் மல்லாட்டையைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுத்தான். "எந்தங்கச்சியக் கொன்னவ யாருன்னு தெரிஞ்சா போதும்." சாப்பிடும்போதும் அதே பேச்சு. ஒருநாள் நான், "உண்ணா இருந்தா இப்படிக் கேப்பாளா?" என்று சொல்லிவிட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விட்டார். அப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சொன்னேனே, எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை, குளிர் மிஷின், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். டை கட்டிய அதிகாரி ஒருவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "எங்க விசாரணை முடிஞ்சுதுங்க சார். தப்பு பண்ணினவங்களைக் கண்டுபிடிச்சுட்டோம்" என்று பேரைச் சொன்னார்.

உன் அண்ணன் அந்தப் பேரை ஒருதடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு வருஷமாகத் தேடிய பேர். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"அவங்களை வேலையை விட்டு எடுத்துடறோம். வேற எங்கயும் வேலை கிடைக்காத மாதிரி எழுதியும் கொடுத்துடறோம். நீங்க புகாரை வாபஸ் வாங்கிக்கலாம்" என்றார் அதிகாரி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தக் கதை. ஆட்டைப் பிடித்துவந்து நிறுத்திவிட்டு, வெட்டலாமா என்று எங்களைக் கேட்கிறார்கள். நாங்கள் தலையை ஆட்டினால் போதும். உன் அண்ணன் ஆட்டியிருப்பார். நானும் ஆட்டியிருப்பேனோ என்னவோ.

அந்த நேரத்தில் எனக்கு ஏன் அப்படித் தோன்றியதோ, "அந்தப் பொண்ணை நான் பாக்கணும்" என்றேன். அதிகாரிக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வைப்பதற்காக வெளியிலேயே உட்கார வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. உள்ளே வந்தாள். செல்வி அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்ற வயசுதான் இருக்கும் அவளுக்கு. உன் அண்ணன் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நீயாம்மா?"

உன் ஆபரேஷன் அன்றைக்கு வார்டுக்கு வெளியே பசியோடு உட்கார்ந்திருந்தவரிடம் வந்து, "ஐயா, கேண்டீன் மூடிடுவாங்க. சாப்பிட்டு வாங்க, அம்மாவை நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன பெண்ணாம் அவள். அவள் சொன்னதால்தான் சாப்பிடப் போனாராம். இதை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை.

நான், "அன்னிக்கு சாயங்காலம் என்ன நடந்துச்சுனு முதல்லேருந்து சொல்லும்மா" என்றேன்.

"பல்ஸ் ஏறிட்டே இருந்துச்சு மேடம். எனக்கு மனசு சரியில்ல. டூட்டி மாறற நேரம். அடுத்து வர்ற சிஸ்டருக்கு அன்னிக்கு ரெண்டு வார்டு. லிஃப்ட்டுகிட்ட நடந்துகிட்டே சொன்னேன். அதுக்குள்ள மேல வேற ஒருத்தருக்கு முடியலைனு அவங்களைக் கூப்பிட்டாங்க. 'சரி, பாக்கறேன்'னு சொல்லிட்டு ஓடினாங்க. நானும் கிளம்பிட்டேன்."

"டாக்டரைக் கூப்பிடறதுதானே?"

"நாங்க நேரா கூப்பிடக் கூடாதுங்க மேடம். பெரிய சிஸ்டர் மூலமாத்தான் சொல்லணும். அவங்க மீட்டிங்ல இருந்தாங்க."

"அப்ப அந்த ரெண்டாவது நர்ஸு யாரு?" என்றார் உன் அண்ணன்.

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் என் புருஷனை அதட்டினேன். "அவ பேரையும் சொல்லுவாங்க. அப்பறம் அவளை மேல கூப்பிட்டது யாருனு கேப்பீங்க. அப்பறம் மீட்டிங் போட்டது யாருனு கேப்பீங்க. எத்தினி பேரைத்தான் தேடுவீங்க? நம்ம உண்ணா வந்துடுவாளா?"

அவர் உட்கார்ந்து கையிரண்டையும் மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நின்றபடியே அழுதுகொண்டிருந்தாள். அதிகாரி தொண்டையைச் செருமி, "அப்ப சார், இவங்களை எடுத்துடறதுல உங்களுக்குத் திருப்திதானே?" என்றார்.

உன் அண்ணன் நிமிர்ந்தார். "இவளை எடுத்துட்டுப் புதுசா ஒருத்தியப் போடுவீங்க. வர்றவளுக்கு எந்தங்கச்சி யாருன்னே தெரியாது. இவ சாவற வரைக்கும் மறக்க மாட்டா. இவ இருக்கட்டும்" என்றார்.

உண்ணா, அந்த மனுஷன் உன் வகுப்பில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நீ என்ன படித்தாய் என்று கடைசிவரை தெரியாமலே சொந்தத்தோடு மல்லுக்கட்டி உன்னைப் படிக்க அனுப்பியவர். உன் படிப்பு முழுவதும் அன்றைக்கு அவர் வாயில் வந்தது. எனக்கு அழுகை வந்தது, பெருமையாகவும் இருந்தது. உன்னை நினைத்தா, அவரை நினைத்தா என்று எனக்கே தெரியவில்லை.

அதிகாரிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. "அப்ப புகார் சார்?" என்று கேட்டார். "புகார் இருக்கும்" என்றார் உன் அண்ணன். மீதியை நான் சொன்னேன். டூட்டி மாறும்போது நோயாளியின் கட்டிலோரம் நின்று, நோயாளியும் வீட்டாரும் காதால் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நர்ஸுக்கு மனசு சரியில்லை என்றால் டாக்டரை நேராகக் கூப்பிடலாம், எந்த மீட்டிங்கும் குறுக்கே வரக் கூடாது. இரண்டும் நடக்கிற வரைக்கும் புகார் நிற்கும். செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "உண்ணா இருந்தா என்ன சொல்லியிருப்பா?" என்று கேட்டார். "நம்ம டிக்கெட்டை முதல்ல எடுங்கன்னு சொல்லியிருப்பா. கண்டக்டர் நிக்கறாரு" என்றேன். ஒரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார். செஞ்சி தாண்டும்வரை அப்புறம் அழுதுகொண்டே வந்தார்.

அவருக்கு இப்போது தூக்கம் வருகிறது. எனக்குத்தான் சில நாள் அந்தப் பேர் நாக்கு நுனிவரை வந்து, சாபம் விடச் சொல்கிறது. அந்த நாளில் உன்னோடு சண்டை போட்டுக்கொள்கிறேன். அதற்கு நீ அனுமதி கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாம் செய்துவிடுவார்களா? நீதானே சொல்லுவாய், காகிதத்தில் இருப்பது வார்டில் இருக்காது என்று. அதனால் இதை உனக்கு வாக்காகக் கொடுக்கிறேன். மாதம் ஒருதரம் சென்னைக்குப் பஸ் ஏறுவேன். டூட்டி மாறுகிற நேரத்துக்குப் போய் அந்த வார்டில் நிற்பேன். கட்டிலோரம் நின்று சொல்கிறார்களா என்று என் காதால் கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன். போகச் சொன்னால் போக மாட்டேன். "இங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள், நீங்கள் யார்?" என்று கேட்டால், பட்டமோ பதவியோ சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. உண்ணாமலைக்கு நான் என்ன உறவோ, அதைச் சொல்லுவேன்.

உன் அண்ணி,
சகுந்தலா